எதிர்ப்பு இல்லையெனில்

வியாழக்கிழமை மாலை நாலு ஐம்பதுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். மற்ற ஐந்து பேரும் மூன்று மணிக்கே கார்னிவல் உடை வாங்கப் போய்விட்டார்கள். திங்களும் செவ்வாயும் கார்னிவல்; திங்கள் விடியலில் ஊரே சேறு பூசி ஆடும். வெள்ளி அரை நாள். அந்த அரை நாளிலும் யாரும் வேலை செய்வதில்லை.

வெளியுறவு அமைச்சு என்று வாசலில் பலகை இருக்கிறது. உள்ளே ஆறு மேசைகள். கடல் ஆணையத்தின் கோப்பு என் மேசையில். பதினாறு வருடமாக.

மின்னஞ்சலில் இரண்டு பக்கம். பதினொன்றாம் விதியை மாற்றும் வரைவு. முப்பத்தொரு உறுப்பு நாடுகளும் படிக்கவும். செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்குள் எந்த நாடும் எழுத்தில் எதிர்க்கவில்லையெனில் மாற்றம் ஏற்கப்பட்டதாகும்.

இது ஆணையத்தின் வழக்கம்தான். கூட்டம் கிடையாது, கை தூக்குவது கிடையாது. வரைவை அனுப்புவார்கள், ஒரு நேரம் குறிப்பார்கள். அதுவரை எல்லாரும் சும்மா இருந்தால் அது சட்டம். ஒரு நாடு வேண்டாம் என்று எழுதினால் வரைவு விழும். அறிக்கை எந்த அளவுத் தாளில் அச்சாக வேண்டும், கூட்டத்தில் மதிய உணவு எத்தனை மணிக்கு என்பவற்றுக்கெல்லாம் இந்த வழிதான். ஒரு விதியை இப்படி மாற்றி நான் பார்த்ததில்லை.

பழைய பதினொன்றாம் விதி ஒரு வரி. மீன் கூடும் ஒரு கடலடித் திட்டில் பெரிய கப்பல் வலை இழுக்க வேண்டுமானால் அதற்கு மிக அருகிலுள்ள தீவு சம்மதிக்க வேண்டும். புதியது ஒன்றரைப் பக்கம். எல்லா வார்த்தைகளையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்: அனுமதியை இனி ஏழு பேர் குழு தரும். யார் அதிகம் சந்தா தருகிறார்களோ அவர்களே அந்த ஏழு பேர்.

எங்கள் தீவுக்கு அருகில் இருப்பது ஒரே ஒரு திட்டு. மதலேன் திட்டு. அன்ஸ் நுவார் கரையில் நாற்பது படகு இருக்கிறது. நாற்பதும் அங்கேதான் போகும். என் தம்பி ஒனியின் படகும் அதில் ஒன்று. இழுவைக் கப்பல் ஒரு பருவம் வலை இழுத்தால் போதும். பிறகு திட்டில் மணலும் கல்லும்தான் இருக்கும். தெற்கே இரண்டு தீவுகளில் அதைப் பார்த்தாயிற்று.

அமைச்சில் நாங்கள் நாடுகளின் பெயரைச் சொல்வதில்லை. பழைய துரை, புது துரை என்போம். ஆணையத்தை உண்டாக்கியது பழைய துரை. செலவில் பாதி அவர்களுடையது. வருடம் ஒரு முறை அவர்களின் தூதர் வந்து சட்டம், ஒழுங்கு, சம உரிமை என்று ஒரு மணி நேரம் பேசுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவர்கள் விலகிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மன்றங்களெல்லாம் எங்கள் பணத்தைத் தின்கின்றன என்று அறிக்கை விட்டார்கள். தூதர் போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்தார். ஆணைய ஊழியர்களுக்கு மூன்று மாதம் சம்பளம் இல்லை. நாலாம் மாதம் புது துரை வந்தார்கள். முழுச் செலவையும் ஏற்றார்கள். ஒரு வருடம் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

அந்தப் பக்கங்களை அச்செடுத்தேன். எதிர்ப்புக் கடிதத்தை அப்போதே எழுதினேன். ஏழு வரி.

வெள்ளி காலை பத்து மணிக்கு அமைச்சர் குளோட் பெல்ரோஸ் வந்தார். கையில் தொப்பியும் மீன் அடையும். அன்ஸ் நுவார் அவருடைய தொகுதி. கடிதத்தோடு அவருடைய அறைக்குப் போனேன்.

"மிஸ் வெர்னெட், இன்னிக்கு என்ன கிழமை? வேலையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"ரெண்டு நிமிஷம், மினிஸ்டர். ஒரு கையெழுத்து."

எண்ணெய் விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். படித்தார். என்ன விதி, என்ன மாற்றம் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க. இந்த 'வன்மையாக' மட்டும் கொஞ்சம் உறுத்துது. 'மரியாதையுடன்'னு போடுங்களேன்."

"மரியாதையுடன் எதிர்க்கிறோம்னா?"

"சின்ன நாடு, டார்லிங். எதைச் செஞ்சாலும் மரியாதையோடதான் செய்யணும்."

திரும்பத் தட்டச்சு செய்து கொண்டுவருவதற்குள் அவர் போய்விட்டார். கைபேசியில் கூப்பிட்டேன்.

"மேசைல வைங்க. திங்கக்கிழமை காலைல வந்து போட்டு நானே அனுப்பிடறேன்."

"திங்கக்கிழமை விடியக்காலை நீங்க சேத்துல புரண்டுட்டு இருப்பீங்களே, மினிஸ்டர்."

"சேத்துக் கையால போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதானே!"

நான் சிரித்தேன். மேசையில் வைத்தேன். வீட்டுக்குப் போனேன்.

எங்கள் தீவில் கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒருவன் சொன்ன சொல்லை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கல்யாணம் பேசினாலும் சரி, நிலம் பேசினாலும் சரி, புதன்கிழமை மறுபடி பேசினால்தான் பேச்சு. ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நாற்பது படகும் அவருக்கு ஓட்டுப் போட்ட படகு என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே திங்கட்கிழமை விடியற்காலையில் நானும் சேற்றைப் பூசிக்கொண்டு ஆடினேன். மாலையில் ஒனியிடம் பேசினேன்.

"அக்கா, கேட்டியா? நாளைக்கு மதியம் நாங்க எல்லாரும் திட்டுக்குப் போறோம். புதன்கிழமை விடியும்போது கரைக்கு வந்துடுவோம்."

"ஆட வரலையா?"

"நீங்கல்லாம் ரெண்டு நாள் ஆடிட்டு, மூணாம் நாளு நெத்தியில சாம்பலோட மீனு எங்க மீனு எங்கன்னு நிப்பீங்க. அதை யாரு பிடிக்கிறது?"

கடிதத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. அது முடிந்துபோன வேலை என்று இருந்தேன்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தைத் திறந்தேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. அமைச்சின் மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்தேன். வெள்ளிக்குப் பிறகு எதுவும் போகவில்லை. அமைச்சரின் அறைக்குப் போனேன். மேசையில் பெரிய அட்டைப் பெட்டி. பச்சை இறகுகள் சிதறிக் கிடந்தன. அவர் திங்கட்கிழமை வந்திருக்கிறார், உடையை எடுத்திருக்கிறார். கடிதம் பெட்டிக்கு அடியில் இருந்தது. அதன்மேல் பளபளப்புத் தூள் கொட்டியிருந்தது. கையெழுத்து இல்லை.

அவருடைய கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பக்கத்துத் தீவின் அமைச்சில் இதே கோப்பை வைத்திருப்பவர் மிஸ் இன்னிஸ். அவர்களுக்குக் கார்னிவல் ஜூலையில். வீட்டில் இருந்தார். பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம்.

"மிஸ் இன்னிஸ், பதினொன்றாம் விதி பாத்தீங்களா?"

"பாத்தேன், மிஸ் வெர்னெட். அசிங்கம்."

"எதிர்க்கிறீங்களா?"

"நீங்க?"

"கையெழுத்து வாங்கப் போயிட்டு இருக்கேன்."

"அப்போ நீங்க முதல்ல அனுப்புங்க. உங்களது வந்தா, பின்னாடியே எங்களது வரும்."

"நீங்களே முதல்ல அனுப்பலாமே. ஒரு வரி போதும்."

"எங்களுக்குத் திட்டு இல்லையே. எங்களுக்கு இருக்கிறது துறைமுகம். அதை யாரு கட்டிட்டு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. "என் பொண்ணு அங்கதான் டாக்டருக்குப் படிக்கிறா. அவங்க காசுல. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. புரியுதில்ல?"

"புரியுது."

"வடக்கே ரெண்டு பேரைக் கேட்டேன். அவங்களும் உங்களைத்தான் பாத்துட்டு இருக்காங்க. திட்டு உங்களுது, நீங்களே பேசலைன்னா நாங்க எதுக்குன்னு கேக்கிறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தொலைபேசியை வைத்தேன். எதிர்க்க நாலைந்து தீவுகள் தயார். முதலில் எதிர்க்க ஒன்றுகூட இல்லை.

கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கடற்கரைச் சாலை முழுவதும் ஊர்வலம். வண்டிகள் ஊர்ந்தன, பின்னால் ஆட்கள். அலுவலகப் பாவாடையோடு அதில் நடந்தவள் நான் ஒருத்திதான். ஒருவன் என் தலையில் ரம் ஊற்றினான். ஒருத்தி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பத்தடி ஆடிவிட்டுப் போனாள். அமைச்சுகளின் குழு ஐந்தாவது வண்டி. ஊழியர்கள் எல்லாரும் பச்சைக் கிளி வேடம். கிளியாக விரும்பாதவர்களுக்கு இலவசச் சட்டை. சட்டையின் முதுகில் புது துரையின் கொடி. மூன்று வருடத்துக்கு முன் அதே முதுகில் பழைய துரையின் கொடி இருந்தது. தைத்துக் கொடுப்பவர் ஒரே ஆள்தான்.

பெல்ரோஸ் வண்டியின் மேல் தளத்தில் நின்றார். மார்பு வரை பச்சைச் சாயம். முதுகில் ஆளுயர இறகுகள். வயிறு சாயத்தோடு குலுங்கியது. ஏணியில் ஏறினேன்.

"மிஸ் வெர்னெட்! இறக்கை எங்க?"

"கடிதம், மினிஸ்டர்!"

"என்ன?"

"கடிதம்! கையெழுத்து!"

"கேக்கல!"

அவருடைய கையைப் பிடித்து ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் இழுத்தேன். அங்கே ஐஸ் பெட்டிகள் இருந்தன. சத்தம் கொஞ்சம் குறைந்தது. கோப்பைத் திறந்து பேனாவை நீட்டினேன்.

"இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. போட்டுக் குடுங்க, நான் ஓடிப்போய் அனுப்பிடறேன்."

அவர் பேனாவை வாங்கவில்லை. ஐஸ் பெட்டியில் உட்கார்ந்தார். இறகுகள் ஒரு பக்கமாக மடிந்தன.

"உக்காருங்க, டார்லிங். மூச்சு வாங்குது உங்களுக்கு."

"மினிஸ்டர், நேரமில்ல."

"ஆணையத் தலைவர் போன மாசம் என்னைக் கூப்பிட்டார், தெரியுமா? இப்படி ஒரு வரைவு வருது, எந்த நாள் வச்சா உங்க பக்கம் வசதின்னு கேட்டார். எவ்வளவு மரியாதையான மனுஷன். பழைய துரை என்னிக்காவது நம்மள ஒரு வார்த்தை கேட்டிருக்கானா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செவ்வாய்க்கிழமைன்னேன்."

அப்போதும் எனக்கு உடனே புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். வகுப்பில் மந்தமான பிள்ளைக்கு விளக்குவதுபோல.

"யோசிச்சுப் பாருங்க. நான் ஆமான்னு சொன்னா அன்ஸ் நுவார்ல என்னை உரிச்சிடுவாங்க. இல்லைன்னு சொன்னா புது துரை உரிச்சிடுவாங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டாவது மாடி வேணும், ரோடு வேணும். நான் ரெண்டும் சொல்லல. ஆடிட்டு இருந்தேன். யாரு கேட்டாலும் அதுதான் பதில். ஊரே பாத்துச்சு, இல்ல?" தன் இறகுகளைக் காட்டினார். "இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா?"

"திட்டு போயிடும்."

"அந்த ஏழு பேரு நல்லவங்களா இருக்கலாமே."

"அதுல நாம இல்லையே."

"நாம எதுல இருந்தோம்? நீங்களே சொல்லுங்க, மிஸ் வெர்னெட். பதினாறு வருஷமா அந்தக் கோப்பு உங்ககிட்ட இருக்கு. ஒரு கடிதமாவது நாம எழுதுனதா?"

அவர் சொன்னது உண்மை. பழைய துரை காலத்தில் எங்கள் கடிதங்கள் அவர்களின் தூதரகத்திலிருந்தே வரும். நான் அவற்றை எங்கள் அமைச்சின் முத்திரை போட்ட தாளில் தட்டச்சு செய்வேன். சில சமயம் அவர்களின் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு எங்கள் ஊர்ப் பெயரைப் போட வேண்டியிருக்கும். ஒருமுறை அதைக்கூட மறந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நல்ல ஆங்கிலம் என்று அவர்களைப் பாராட்டியிருக்கிறேன்.

"இது நான் எழுதுனது," என்றேன்.

"அதான் கையெழுத்து ஆகல," என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கே அது பிடித்துப்போயிற்று. இன்னொரு முறை சொன்னார். பிறகு தன் முதுகிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி என் தலையில் செருகிவிட்டு எழுந்து ஆடப் போனார்.

அலுவலகத்துக்குத் திரும்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. கூட்டம் எதிர்த் திசையில் வந்தது. யார் காலையோ மிதித்தேன், யாரோ என்னைத் திட்டினார்கள். படியேறி உட்கார்ந்தபோது பதினொன்று முப்பத்தெட்டு.

ஆணையத்தின் பட்டியலில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு பெயர் உண்டு. முதல் பெயர் அமைச்சர். இரண்டாவது, அமைச்சர் இல்லாதபோது எழுதக்கூடியவர். எங்களுக்கு அது என் பெயர். முன்பு இருந்த அமைச்சர் சோம்பேறி. அவர் போட்டது, பிறகு யாரும் மாற்றவில்லை. அமைச்சர் சொல்லாமல் நான் எழுதக் கூடாது. எழுதினால் வேலை போகும். ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது.

'மரியாதையுடன்' என்பதை எடுத்துவிட்டு 'வன்மையாக' என்று போட்டேன். என் பெயரைப் போட்டேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.

பதினொன்று நாற்பத்து நாலுக்கு ஆணையத்திலிருந்து பதில். உங்கள் எதிர்ப்பு கிடைத்தது. விதி மாற்றம் நிறுத்தப்படுகிறது.

அந்த இரண்டு வரியை மூன்று முறை படித்தேன். மிஸ் இன்னிஸைக் கூப்பிட்டேன்.

"போயாச்சு. ஏத்துக்கிட்டாங்க. இப்போ உங்களது."

"நெஜமாவா? கடவுளே. இருங்க, அடுப்பை அணைச்சிட்டு வரேன். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் எதுக்கு?"

"எங்க மினிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல."

ஜன்னலுக்குக் கீழே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது வண்டி முக்கில் திரும்பி வந்தது. பெல்ரோஸ் இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார். ஒரு கிளி ஓடிவந்து அவரிடம் கைபேசியைக் கொடுத்தது. அவர் திரையைப் பார்த்தார். கையை உயர்த்தி இசைக்காரர்களுக்குச் சைகை காட்டினார்.

இசை நின்றது.

கார்னிவல் செவ்வாயில் வண்டியில் இசை நின்று அதற்கு முன் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அன்று சக்கரத்தில் ஒருவன் சிக்கியிருந்தான். இன்றும் ஆடியவர்கள் பயந்து குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் அடிபடவில்லை. மேலே பெல்ரோஸ் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இறகுகள் காற்றில் அசைய, முதுகை வளைத்துப் பேசினார். தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். யாரும் எதிரில் இல்லாதபோதும் கும்பிடுவதுபோல் நெஞ்சில் கை வைத்தார். பிறகு இரண்டு கட்டை விரலாலும் எதையோ தட்டினார். கைபேசியைக் கிளியிடம் கொடுத்தார். இசை தொடங்கியது.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு என் திரையில் வந்தது. பதிவு செய்த முகவரி என்பதால் எனக்கும் நகல் வரும். ஒரே வரி. எங்கள் எதிர்ப்பை முழுமையாகத் திரும்பப் பெறுகிறோம், தவறுக்கு வருந்துகிறோம். கு. பெல்ரோஸ், அமைச்சர்.

மிஸ் இன்னிஸ் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு எல்லா நாடுகளுக்கும் அறிவிப்பு வந்தது. பதினொன்றாம் விதி மாற்றம் ஏற்கப்பட்டது. எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை. நேரத்துக்குள் திரும்பப் பெற்ற எதிர்ப்பு எழுப்பாத எதிர்ப்புக்குச் சமம். அதற்கும் ஒரு விதி உண்டு. பழைய துரை சொல்ல, எங்கள் பெயரில் அந்த விதியைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

கடிதங்களை அச்செடுத்தேன். மாலையில் அமைச்சரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. வேலையை விட்டுத் தூக்குவார் என்று எதிர்பார்த்திருந்தேன். செய்தி இப்படி இருந்தது: இன்னிக்கு நடந்ததெல்லாம் கார்னிவல், மறந்தாச்சு. வியாழக்கிழமை ஆணையத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் வேணும், உங்க கையால நல்லா எழுதுங்க, டார்லிங். கடைசியில் ஒரு சின்ன கிளிப் படம்.

கைபேசியை அணைத்துவிட்டு, அச்செடுத்த தாள்களைப் பையில் வைத்தேன்.

புதன்கிழமை ஏழு மணிக்கு அன்ஸ் நுவாருக்குப் பேருந்தில் போனேன். கோவிலிலிருந்து ஜனங்கள் நேராகக் கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய நெற்றியிலும் சாம்பல் சிலுவை. அன்று எந்த வீட்டிலும் கறி கிடையாது, மீன்தான். வருடத்தில் அதிகம் மீன் விற்கும் காலை அது. படகுகள் வரிசையாக மணலில் ஏறியிருந்தன. ஒனியின் முன்னால் இருபது பேர் நின்றார்கள். ஐஸ் பெட்டி நிறையச் சங்கரா, நடுவில் இரண்டு பெரிய சூரை.

"அக்கா! என்ன மூஞ்சி இது? ரெண்டு நாள் ரம்மா?"

அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். படகின் மறுபக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தியைத் தொடையில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"முப்பத்தொரு நாடு. யாரும் கையெழுத்துப் போடலையா?"

"போடத் தேவையில்ல. சும்மா இருந்தா போதும்."

"அப்போ யாரை அடிக்கிறது?"

அச்செடுத்த தாள்களை நீட்டினேன். அவன் மெதுவாகப் படித்தான். உதடு அசைந்தது. பெயருக்கு வந்தபோது நிறுத்தினான்.

"பதினொன்னு அம்பத்தொன்னு," என்றான். "அப்போ நாங்க எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்திட்டு இருந்தோம்."

"ஆமா."

"எஞ்சின் பெல்ரோஸ் குடுத்தது, அக்கா." எனக்கு அது தெரியாது. "கிறிஸ்துமஸுக்கு. எனக்கு, கெர்வினுக்கு, இன்னும் பத்துப் பேருக்கு. புதுசு. எதுக்குன்னு நானும் கேக்கல. கட்சி குடுக்குதுன்னு நெனச்சேன். கேட்டா திருப்பி வாங்கிடுவானோன்னு..." முடிக்கவில்லை. "மெதுவாப் பேசு. கெர்வின் காதுல விழப்போகுது."

"விழட்டுமே. அவனும் அந்தத் திட்டுக்குத்தானே போறான்?"

"விழுந்தா நேரா பெல்ரோஸ்கிட்ட போய் நிப்பான். எஞ்சினோட, அவன் தர்ற ஐஸும் எனக்கு நின்னுடும்."

தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். படகின் மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"ஒனி! என்னப்பா, அக்காவும் தம்பியும் குடும்பக் கதையா? பிள்ளைங்க பட்டினியா கிடக்குதுங்க!"

"சங்கரா நாலு பவுண்டு போடு, ஒனி. தலையோட."

"எனக்கு முதல்ல! நான் சிலுவை வாங்குன கையோட ஓடி வந்திருக்கேன்."

அவன் போனான். ஒரு சங்கராவை எடுத்தான். தராசில் போட்டான். முள் ஆடி நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மீனை எடுத்துப் பெட்டியில் எறிந்தான். மூடியைச் சாத்தினான்.

"விக்கல."

"என்னது?"

"இன்னிக்கு மீனு இல்ல. பெல்ரோஸ் வீட்டுல போய்க் கேளுங்க."

"பெட்டி வழிய வச்சிக்கிட்டு இல்லைங்கறான் பாரு!"

"திட்டை வித்துட்டான். இனிமே மீனும் அவன்கிட்டதான் கிடைக்கும். போங்க."

"யாரு எதை வித்தா? குடிச்சிருக்கியாடா?"

நான் தாளை எடுத்து உரக்கப் படித்தேன். முதலில் எதிர்ப்பு, பிறகு திரும்பப் பெற்றது. முன்னால் நின்ற நாலைந்து பேர் கேட்டார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். சாம்பல் சிலுவையோடு நின்ற ஒரு பெண் முடியும்வரை பொறுமையாக இருந்தாள்.

"நீ சொல்றதெல்லாம் சரிதான், கண்ணு," என்றாள். "அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்? இன்னிக்கு சாம்பல் புதன். கறியா திங்கச் சொல்றீங்க?"

"பெல்ரோஸைத் தின்னுங்க," என்றான் ஒனி.

யாரோ சிரித்தார்கள். யாரோ அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். வரிசை கலைந்தது. கெர்வினின் படகு முப்பதடியில் இருந்தது. அங்கே போய் மறுபடி வரிசையானது. கெர்வின் எங்களைப் பார்க்கவில்லை. தன் பலகையில் விலையை அழித்துவிட்டு இரண்டு டாலர் கூட்டி எழுதினான். ஒருத்தரும் பேரம் பேசவில்லை.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது. பெட்டியின் மேல் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மற்ற படகுகளிலிருந்து யாரும் வரவில்லை. ஐஸ் கரைந்து பெட்டியின் ஓட்டை வழியாக இளஞ்சிவப்பு நிறத்தில் மணலில் ஓடியது. ஈக்கள் வந்தன.

"மதியத்துக்குள்ள நாறிடும்டா," என்றேன். "பாதியையாவது குடுத்துடேன்."

"நாறட்டும்," என்றான்.